ஷுகர் பந்தி காலியான நாள்

பஜனை சபையின் சமையற்கட்டில் இப்போது கரண்டி பிடித்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். ஆயிரம் இலை போட்ட உற்சவங்களைப் பற்றியும், மழையில் பந்தல் சரிந்த நாளில் அடுப்பை அணையாமல் காத்ததைப் பற்றியும் எழுதும்படி கேட்டிருந்தீர்கள். அவற்றை அடுப்பே உங்களுக்குக் கற்பித்துவிடும். அடுப்பு கற்பிக்காத ஒன்றை எழுதுவதே என் வயதுக்குத் தகும் என்று தோன்றியது. உங்களில் சிலர் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பீர்கள் என்று அறிவேன். மலையாளத்தில் எழுத என் கை பழகவில்லை, பொறுத்தருளுங்கள்.

நான் எழுதப் போவது பொறாமையைப் பற்றி. ஒரு பெண்ணின் சமையல்மேல் எனக்கு உண்டாகி, இன்றும் முழுவதும் ஆறாத பொறாமை. அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன். பெயரை மறைப்பது மரியாதை என்று யாரும் எண்ண வேண்டாம். எழுத மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். தவறு அதிலிருந்துதான் பிறந்தது. ஐம்பது ஆண்டு, எறணாகுளத்தை அடுத்த மட்டாஞ்சேரியில் சமைத்தேன். அத்தனை ஆண்டிலும் சமைக்கும்போது ஒரு சொட்டைக்கூட நாவில் வைத்ததில்லை. பகவானுக்கு நிவேதனமாகப் போவதை மனிதன் முன்னதாக ருசி பார்ப்பது எச்சில். இது நமக்கு வழிவழியாக வந்த முறை. உப்பைக் கைக்கணக்கில் போடுவேன். பருப்பு வெந்ததை மணத்தால் அறிவேன். ரசம் எப்போது இறக்கத்தக்கது என்பதை, பத்துப் பாசுரம் சொல்லி முடிக்கும் நேரத்தால் அளப்பேன். நிவேதனமும் பந்தியும் முடிந்து, எல்லோருக்கும் கடைசியாக, மோர் சாதம் மட்டும் உண்பேன். "ருசி பாராமலே இப்படி வருதே ஸ்வாமி" என்று சபையினர் வியக்கும்போதெல்லாம், அது அவன் அருள் என்று வாய் சொல்லும். உள்ளம் சொன்னது வேறு.

இப்படிச் சமைப்பவனுக்கு ஒரு கைத்தடி உண்டு. அது வெல்லம். புளி ஓங்கியிருக்குமோ என்று ஐயம் வந்தால் ஒரு நுள்ளு வெல்லம். பாகற்காய் கசக்குமோ என்றால் ஓர் உருண்டை. சாம்பார், பிட்லை, எரிசேரி, புளியிஞ்சி, எல்லாவற்றிலும் கை தானாகப் போகும். ருசி பார்க்கிறவன் நாவால் திருத்துவதை நாம் வெல்லத்தால் மூடிவைக்கிறோம். இது எனக்கு வெகுகாலம் தெரியாது.

ஒருமுறை வைட்டிலாவில் ஒரு கல்யாணம். பெண்ணின் மாமா பந்தியில் உட்கார்ந்து என்னை அருகில் அழைத்தார்.

"எனக்கு ஷுகராக்கும், ஸ்வாமி. எதுல வெல்லம் இல்லைன்னு சொல்லுங்கோ. அதை மட்டும் விளம்பினா போரும்."

இலையை ஒரு சுற்றுப் பார்த்தேன். எதைச் சொல்வது?

"மோர் இருக்கு. அப்பளம் இருக்கு" என்றேன். "ஷுகர்காரா கல்யாணத்துக்கு வந்தா அப்படித்தான் மாமா."

பக்கத்து இலைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் தலை நிமிராமல் மோர் சாதம் உண்டுவிட்டு எழுந்து போனார். அந்தச் சிரிப்பைப் பின்னாளில் நான் திரும்பப் பெற்றுக்கொண்டேன். என் வீட்டிலேயே பெற்றுக்கொண்டேன்.

என் மனைவி கோமதிக்குச் சர்க்கரை வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அதைப் பற்றி நான் பெரிதாக நினைத்ததில்லை. பிறகு இரு கண்ணிலும் புரை வளர்ந்தது. விடியற்காலையில் குளித்து, பெரிய எழுத்துப் பாசுரப் புத்தகத்தை மடியில் வைத்துத் தானே வாசிப்பது அவள் வழக்கம். எழுத்து கரைந்துபோனபின் நான் சொல்வேன், அவள் கேட்பாள். "ஒரு அடி விட்டுட்டேள்" என்று நாலு முறையாவது திருத்துவாள். கலூரில் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் அம்மையார் சோதித்துவிட்டு, அறுவை செய்யலாம், பார்வை நன்றாகத் திரும்பும், ஆனால் சர்க்கரை இந்த அளவில் இருக்கும்போது கத்தி வைக்க மாட்டேன், குறைத்துக்கொண்டு வாருங்கள், அன்றைக்கே தேதி தருகிறேன் என்றார்.

வெளியே வந்ததும் கோமதி கேட்டது ஒன்றே. "இனி நானே வாசிக்கலாமா?"

"வாசிக்கலாம்" என்றேன். நான் சமையற்காரன். சர்க்கரையைக் குறைக்கும் சாப்பாடு எனக்கு ஒரு பொருட்டா?

அந்த மாதம்தான் சபைச் செயலாளர் என்னிடம் வந்தார். உற்சவச் சாப்பாட்டில் சர்க்கரைக்காரர்களுக்குத் தனிப் பந்தி போட நிச்சயித்திருக்கிறோம் என்றார். மகிழ்ந்தேன். அதன்பின் சொன்னதுதான் பிடிக்கவில்லை.

"கொச்சங்காடியிலே ஒரு அம்மா இருக்கா மாமா. போடிப் பக்கத்துக்காரி. எறணாகுளத்திலே ஹோட்டல்ல வேலை பாத்தவளாம். இப்ப ஷுகர்காராளுக்குன்னே மத்தியானச் சாப்பாடு பண்ணி கேரியர்ல அனுப்பறா. ஆள்கள் பாவக்காயை இன்னும் வேணும்னு கேட்டு வாங்கிச் சாப்பிடறான்னா பாத்துக்கோங்கோ! ஷுகர் பந்திக்கு அவளைக் கூப்பிடலாமோன்னு..."

"நம்ம சமையற்கட்டிலா?"

"நீங்க போய் ஒரு தடவை பாத்துட்டு வாங்கோ. நீங்க சரின்னா சரி."

நான் போனேன். சுத்தம் பார்க்க என்று பெயர். குற்றம் பார்க்கவே போனேன் என்பதை உங்களிடம் மறைத்து என்ன பயன்?

கொச்சங்காடியில் இரண்டு கிடங்குகளுக்கு நடுவில் ஒரு நீண்ட அறை. சுக்கும் மிளகும் மணக்கும் சந்து. அறை சுத்தமாக இருந்தது. என் அடுக்களையைவிடச் சுத்தம் என்று கண்டபோது மனம் சோர்ந்தது. அவளுக்கு நாற்பது வயது இருக்கும். பெரிய இரும்புச் சட்டியில் பாகற்காயை மெல்லிய தீயில் புரட்டிக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லை. ஓரங்கள் சிவந்து, வறுத்த காப்பிக்கொட்டை மணம் எழும்வரை காத்தாள். பக்கத்து அடுப்பில் குழம்பு கொதித்தது. அதில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினாள். கை கழுவினாள். கொஞ்சம் யோசித்தாள். வறுத்தரைத்த தேங்காயில் ஒரு கரண்டி சேர்த்தாள். மறுபடி ஒரு சொட்டு, மறுபடி கை கழுவல்.

எனக்கு உள்ளே ஒரு விளக்கு எரிந்தது. குற்றம் கிடைத்துவிட்டது.

"ருசி பார்த்துத்தான் பண்ணுவியாம்மா?"

"பின்ன? பாக்காம எப்படிங்க சாமி? வெல்லமும் கெடையாது, சீனியும் கெடையாது. நாக்குதான் காட்டணும்."

"சபையிலே பகவானுக்கு நிவேதனம் ஆகாமல் யாரும் வாயில் வைக்கக் கூடாது. தெரியுமா?"

அவள் கொஞ்சமும் திகைக்கவில்லை. "அதுக்கென்ன சாமி. வெந்ததும் மொதல்ல ஒரு கிண்ணத்துல சாமிக்கு எடுத்து மூடி வச்சிருவேன். அப்பறம் மனுசங்களுக்கு உள்ளத ருசி பாத்துச் சரி பண்ணிக்கிறேன்." பிறகு சிரித்துக்கொண்டே, "சாமிக்குச் சுகர் இல்லல்ல?" என்றாள்.

ஐம்பது ஆண்டு அடுப்பருகே நின்ற எனக்கு அந்த எளிய வழி தோன்றியதே இல்லை. நல்ல பதில் என்று அந்தக் கணமே தெரிந்தது. அதனாலேயே எனக்குப் பொறுக்கவில்லை.

செயலாளரிடம் வந்து, "இடம் சுத்தம். ஆனால் ருசி பார்த்துத்தான் சமைக்கிறாள். என் கண்ணால் கண்டேன்" என்றேன். பொய் ஒரு சொல்லும் இல்லை. அவள் சொன்ன பதிலை மட்டும் விட்டுவிட்டேன். செயலாளர் காதில் விரல் வைத்தார். "அப்ப வேண்டாம் மாமா. ஷுகர் பந்தியையும் நீங்களே பாத்துக்கோங்கோ."

நினைவில் வையுங்கள்: நம் தொழிலில் ஒருவரைக் கவிழ்க்கப் பொய் தேவையில்லை. உண்மையில் பாதியை எடுத்து வைத்துக்கொண்டால் போதும். அன்று சந்தியாவந்தனத்துக்குப் பின் வழக்கம்போல் பாசுரம் சொன்னேன். அடியார் தம்மை நெஞ்சில் அழுக்குடையவன், நீசன் என்று சொல்லிக் கரையும் இடம் வந்தது. இராகம் தவறாமல் பாடி முடித்தேன். அது என்னைப் பற்றியது என்று உறைக்கவில்லை.

உற்சவ நாள் வந்தது. சர்க்கரைக்காரர் பந்திக்கு இருபது இலை. நான் செய்தது இதுதான்: எல்லாப் பதார்த்தங்களையும் வழக்கம்போல் செய்து, வெல்லத்தை மட்டும் போடவில்லை. அரிசிக்குப் பதில் கோதுமை ரவை. எண்ணெயைப் பாதியாக்கினேன். சர்க்கரை நோய் என்றால் எடுத்துவிட வேண்டியவற்றின் பட்டியல் என்றே நினைத்திருந்தேன். எடுத்த இடத்தில் என்ன வைப்பது என்று நினைக்கவில்லை. ருசி பார்க்கவும் இல்லை.

முதல் வாய் வைத்ததும் பந்தி அமைதியாயிற்று. அது எந்த அமைதி என்று அனுபவமுள்ளவனுக்குத் தெரியும். வெல்லம் இல்லாத பிட்லையில் புளி தனியாக நின்று பல்லைக் கூசவைத்தது; பாகற்காய் அதற்குமேல் கசந்தது. ஒரு பெரியவர் தம் இலையைக் கையில் ஏந்தி எழுந்தார்.

"எங்கே மாமா?" என்றேன்.

"அந்தப் பந்திக்கு. இதைச் சாப்பிடறதுக்கு ஷுகரே தேவலை ஓய்!"

அவர் போனதும் மற்றவர்களுக்கு வழி திறந்தது. ஒருவர் கைகழுவப் போவதாகச் சொல்லி அங்கே உட்கார்ந்தார். ஒருவர் பேரனைப் பார்க்கப் போனார். கடைசியில் என் கௌரவத்துக்காக உட்கார்ந்திருந்தவள் கோமதி ஒருத்திதான். அவளும் எழுந்தாள். "சித்தெ காத்தாட நின்னுட்டு வரேன்" என்றாள். தூணோரத்தில் கரண்டியோடு நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த பந்தியின் ஓரத்தில் உட்கார்ந்து, பலாச்சுளைப் பாயசமான சக்கைப் பிரதமனை இரண்டு முறை வாங்கிக் குடித்தாள். அதுவும் நான் செய்த பிரதமன்தான். பாராட்டு என்று எடுத்துக்கொள்ள அன்று எனக்கு வழியில்லை.

வீட்டிலும் அவ்வாறே நடந்துகொண்டிருந்தது என்பது பிறகு தெரிந்தது. நான் வைத்த பத்தியச் சாப்பாட்டை உண்டுவிட்டு, நான் சபைக்குப் போனதும் பழமோ பலகாரமோ தேடுவாளாம். மறு சோதனையில் அளவு முன்னைவிட ஏறியிருந்தது. டாக்டர் தலையசைத்தார். "இப்போ தேதி இல்லா அம்மே." திரும்பும்போது கோமதி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வெளியே என்ன தெரிகிறது என்று கேட்கத் துணியவில்லை.

உணவில் ருசி இல்லையென்றால் நோயாளி உங்கள் இலையை விட்டு எழுந்து பாயசத்திடம் போவார். ருசி அவருக்கு ஆடம்பரமன்று. அவரை இடத்தில் உட்கார வைக்கும் கயிறு. இந்த ஒன்றை நான் காலியான அந்தப் பந்தியின் முன் நின்று கற்றேன். கற்றேன் என்பதுகூட மிகை. அன்று சினம் மட்டுமே வந்தது.

சில வாரங்கள் கழித்து ஒருநாள், சபைக்குப் புறப்பட்டவன் மூக்குக்கண்ணாடியை மறந்து திரும்பி வந்தேன். மேசைமேல் நாலடுக்குக் கேரியர். கோமதி உண்டுகொண்டிருந்தாள்.

"இது எங்கேருந்து?"

"கொச்சங்காடி."

"எத்தனை நாளா?"

"மூணு ஆழ்ச்சையாச்சு" என்றாள், வாரக் கணக்கை மலையாளத்தில் சொல்லி, கையை நிறுத்தாமல். "உக்காருங்கோ. கீரை நன்னா இருக்கு."

அயலார் வீட்டுச் சமையலை நான் தொடமாட்டேன் என்று தெரிந்தே அழைத்தாள்.

"ஏண்டி, நான் பண்றது உனக்குப் போராதா?"

அவள் கொஞ்சம் யோசித்தே பதில் சொன்னாள். "நீங்க பண்றதைச் சாப்பிட்டா பசி போறது. அவ பண்றதைச் சாப்பிட்டா, பாயசம் வேணுங்கற நினைப்பே போறது."

திருமணமாகி நாற்பத்தாறு ஆண்டு. கோமதி ஒருநாளும் இன்னொருத்தியின் கைமணத்தை என் முன்னால் இப்படிப் புகழ்ந்ததில்லை. பொறாமையில் ஒரு யோசனை பிறந்தது. அதன் அசட்டுத்தனத்தை இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

மறுநாள் கேரியரை வாசலில் நானே வாங்கினேன். கொச்சங்காடிச் சாப்பாட்டை அடுக்களையில் பாத்திரங்களுக்கு மாற்றிவிட்டு, நான் செய்த பிட்லையையும் கீரையையும் அதே அடுக்குகளில் நிரப்பி, "கொச்சங்காடி வந்தாச்சு" என்று மேசைமேல் வைத்தேன். கோமதியின் கண்ணுக்கு எது எவருடையது என்று தெரியாது. பெயருக்காகத்தான் புகழ்கிறாள், என் சமையலைக் கொச்சங்காடிப் பெயரில் கொடுத்தால் அதையும் புகழ்வாள் என்று நினைத்தேன்.

ஒரு வாய் உண்டாள். முகம் வாடியது.

"பாவம். இன்னிக்கு அவளுக்கு ஒடம்பு சரியில்லை போலிருக்கு."

இன்னொரு வாய்.

"ஜுரமா இருக்கும். நாக்கு மரத்துப் போனா இப்படித்தான் ஆகும். நீங்க போன் பண்ணி ஒண்ணு விசாரியுங்கோளேன்."

அடுக்களைக்குள் போய் கதவைச் சாத்தினேன். இரண்டு பாத்திரங்கள் எதிரே இருந்தன. முதலில் என்னுடையதை நாவில் வைத்தேன். புளி, பிறகு உப்பு, பிறகு கசப்பு, ஒன்றையொன்று பாராமல் வந்து போயின. அடுத்து அவளுடையது. அதுவும் கசந்தது. ஆனால் அந்தக் கசப்பின் பின்னால் வறுத்த தேங்காய் வந்தது, கொத்துமல்லி வந்தது, கடைசியில் மிளகு மெல்ல எழுந்தது. நாக்கு இன்னொரு வாய் கேட்டது. இன்னொரு வாய் கொடுத்தேன். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்பதால், கிண்ணத்தை வழித்தேன்.

வெளியே வந்து, "அவளுக்கு ஜுரம் இல்லை. நீ சாப்பிட்டது என்னுடையது" என்றேன்.

கோமதி கை கழுவிக்கொண்டே சொன்னாள். "தெரியும். அவ பாவக்காயை இத்தனை கனமா நறுக்க மாட்டா."

அன்று பிற்பகலே செயலாளர் வீட்டுக்கு நடந்தேன். அவள் எனக்குச் சொன்ன பதிலை, பகவானுக்கு முதலில் எடுத்து வைப்பதை, ஒரு சொல் விடாமல் சொன்னேன். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்றும் சொன்னேன்.

"இதை உற்சவத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே மாமா. இருபது பேர் பாயசம் குடிச்சிருக்க மாட்டாளே."

"ஆமாம்."

"இனி மாசாந்திர பஜனைக்கு அவளையே கூப்பிடட்டுமா? உங்களுக்கு வருத்தமில்லையே?"

"வருத்தமுண்டு. கூப்பிடு" என்றேன்.

அங்கிருந்து கொச்சங்காடிக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். புளியைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்தேன். மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. அவள் எல்லாவற்றையும் அறிந்திருப்பாள் என்றே நினைக்கிறேன், முகத்தில் காட்டவில்லை.

"வெல்லத்த எடுத்தீங்கன்னா புளியவும் பாதியா எடுத்துருங்க சாமி. ரெண்டும் சண்டக்காரப் பயலுக. ஒருத்தன் போயிட்டா மத்தவன் வீட்டு ஆளுககிட்ட வம்புக்கு வருவான்" என்றாள். "அப்பறம், கசப்ப ஒளிக்காதீங்க. வறுத்து மரியாதையா முன்னால நிறுத்துங்க. ஒளிச்சாத்தான் அது மொறைக்கும்."

எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை. இது என்னுடையதும் இல்லை.

அதுமுதல் பகலுணவு கொச்சங்காடியிலிருந்து, இரவுணவு என் கையால் என்று வீட்டில் ஏற்பாடாயிற்று. ருசி பார்த்தே சமைத்தேன். சுவாமிக்கு ஒரு கிண்ணம் முன்னதாக எடுத்து மூடிவைத்தேன். ஆனால் பொறாமை வேறு வேடத்தில் வந்தது. மருமகன் வாங்கிக் கொடுத்த, சர்க்கரை அளக்கும் கருவியில் நாள்தோறும் இரண்டு வேளையும் குத்திப் பார்ப்போம். கொச்சங்காடிச் சாப்பாட்டுக்குப் பின் வரும் எண்ணைவிட என் சாப்பாட்டுக்குப் பின் வரும் எண் குறைவாக இருக்க வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது. தோசை இரண்டை ஒன்றாக்கினேன். பிறகு அதையும் நிறுத்தி, வாழைத்தண்டுச் சாறும் கீரையும் மட்டும் வைத்தேன். சர்க்கரை மாத்திரையை மட்டும் சர்க்கரை டாக்டர் சொன்னபடியே கொடுத்தேன்.

மூன்றாம் நாள், சாப்பிட்டுச் சற்று நேரத்துக்கெல்லாம் கோமதிக்கு வியர்த்தது. கை நடுங்கியது. தினமும் என்னைத் திருத்துபவள், தனக்கு மனப்பாடமான பாட்டில் அடி மாற்றிச் சொன்னாள். இது சர்க்கரை இறங்கியதன் அடையாளம் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். தெரிந்தும் ஒரு கணம் நின்றேன். இத்தனை நாள் விலக்கியதை நானே எடுத்துக் கொடுப்பதா? அந்த ஒரு கணத்துக்காக இன்றும் என்னை மன்னிக்கவில்லை. பிறகு மூன்று கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரத்தில் தெளிந்தாள். ஒரு தோசை வார்த்து எதிரில் உட்கார்ந்து ஊட்டினேன். டாக்டரைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னேன். மாத்திரை சாப்பிடுகிறவரின் உணவைத் தம்மைக் கேட்காமல் வெட்டக் கூடாது என்று அவர் கண்டித்த கண்டிப்பு எனக்கு வேண்டியதே.

கோமதி மறுநாள் கேட்டாள். "நீங்க என் ஷுகரை ஜெயிக்கப் பாக்கறேளா, இல்லை அவளை ஜெயிக்கப் பாக்கறேளா?"

நான் மாவரைக்கப் போனேன். இலையில் உட்கார்ந்திருப்பவரை மறந்து, பக்கத்துச் சமையற்காரரைப் பார்த்துச் சமைக்கிறவனின் உணவு நஞ்சாவதற்கு நெடுநேரம் ஆகாது.

மூன்று மாதம் சென்றபின் மீண்டும் கலூருக்குப் போனோம். டாக்டர் அறிக்கையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் பார்த்தார். அடுத்த மாத முதல் வாரத்திலேயே வலது கண்ணுக்குத் தேதி எழுதினார். கோமதி அந்தச் சீட்டைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது நல்ல மாற்றம்" என்றார் டாக்டர். "யாராக்கும் சமையல்?"

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன்.

"மத்தியானம் கொச்சங்காடியிலே ஒரு பொண்ணு தரா, டாக்டர்" என்றாள் கோமதி. "அதுதான் காரணம். ராத்திரிக்கு இவர்."

"எனக்கு அவங்க நம்பர் வேணும். இதேபோல எத்தனை பேருக்குச் சொல்ல வேண்டியிருக்கு தெரியுமா?" என்று டாக்டர் பேனாவை எடுத்தார்.

கோமதி தன் கைபேசியை என்னிடம் நீட்டினாள். அவள் கண்ணுக்கு எண் தெரியாது. நான்தான் வாசிக்க வேண்டும்.

திரையில் கொச்சங்காடிக்காரியின் பெயர் இருந்தது. கீழே பத்து இலக்கங்கள். இளையவர்களே, ஆயிரம் பேர் பந்தியில் சாம்பார் தீர்ந்துபோன நெருக்கடிகளைக் கண்டிருக்கிறேன். அந்தப் பத்து இலக்கங்களுக்கு முன் அவை ஒன்றுமில்லை. ஏழு என்பதை ஒன்று என்று மாற்றிச் சொன்னால் போதும். யாரும் அறியப் போவதில்லை. வயதானவர், பார்வை மங்கல் என்று விட்டுவிடுவார்கள். டாக்டரின் பேனா தாளின்மேல் காத்திருந்தது.

ஒவ்வொன்றாகச் சொன்னேன். சரியாகவே சொன்னேன்.

"ஒரு பிராவசியம் கூடி" என்றார் டாக்டர், இன்னொரு முறை சொல்லும்படி. "கொஞ்சம் மெதுவா."

மெதுவாகவும் சொன்னேன்.

ஆட்டோ பாலம் ஏறியது. பிறகு கோமதி என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"நம்பரைச் சரியாச் சொன்னேளா?"

"சொன்னேன்."

"ரெண்டு தடவையும்?"

"ரெண்டு தடவையும்."

அவள் சீட்டை மடித்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். "சரி. ஆபரேஷன் அன்னிக்கு மத்தியானச் சாப்பாட்டை நீங்களே பண்ணிக் கொண்டு வாங்கோ" என்றாள். "அவகிட்ட அன்னிக்கு வேண்டாம்னு நான் சொல்லிக்கறேன்."